கொண்டை ஊசியில் கழன்ற வயர்

நேற்று இரவு ரிசல்ட் வந்தது. எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச், பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) தகுதிச்சுற்றை நாங்கள் தாண்டவில்லை. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஜூனியர்களுக்கு உதவட்டும்.

மூன்றாவது மேட்ச். ரோபோ தானே ஓடும் ஆட்டோனமஸ் 30 நொடி கச்சிதம். நாங்கள் கையால் ஓட்டும் டிரைவர் நேரம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ரோபோவின் கை பாதியில் நின்றது. சக்கரம் ஓடுகிறது, கை மட்டும் அசையவில்லை. பிட்டுக்கு, அதாவது எங்கள் அணியின் மேசைக்கு, தூக்கி வந்து பார்த்தால், கையின் மோட்டாரை இயக்கும் துணைப் பெட்டியான எக்ஸ்பான்ஷன் ஹப்பில் பச்சைக்குப் பதில் நீல விளக்கு மினுக்குகிறது. ரோபோவின் மூளையான கன்ட்ரோல் ஹப்பிலிருந்து வரும் மூன்று பின் வயர் நகக்கண் அளவு வெளியே வந்திருந்தது. காலையில் மலையிறங்கும்போது வேனில் பின்சீட்டில் குலுங்கியபடி வந்தது அல்லவா, அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் செய்த வேலை.

வேடிக்கை என்னவென்றால், அன்று காலை நடுவர்களுடனான நேர்காணலில், எஃப்டிசி ரோபோக்களின் மூளை எப்படி மாறி வந்தது என்பதைப் பற்றித்தான் பெரிதாகப் பேசியிருந்தேன். ஒரு காலத்தில் லெகோ என்எக்ஸ்டி மூளை. 2015-16 சீசனில் ஆண்ட்ராய்டு போன் வந்தது, ரோபோவில் ஒன்று, டிரைவர் கையில் ஒன்று. வேகம் கூடியது, ஆனால் மைக்ரோ யுஎஸ்பி கேபிள் ஆடினால் ரோபோ செத்தது. 2017-18இல் ரெவ் கம்பெனியின் எக்ஸ்பான்ஷன் ஹப். பிறகு போனையே உள்ளே வைத்த மாதிரி கன்ட்ரோல் ஹப். யுஎஸ்பி தொல்லை போயிற்று என்று நடுவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். பெட்டிதான் மாறியது, வயர் மாறவில்லை என்று மதியம் புரிந்தது.

சரி, செய்ய வேண்டியவை:

- இரண்டு ஹப்புக்கும் நடுவே இரண்டு ஆர்எஸ்485 வயர் (எங்களுக்குக் கழன்ற அந்த மூன்று பின் வயர்) போடுங்கள். ஹப்பிலேயே இரண்டு போர்ட் இருக்கிறது. ஒன்று கழன்றால் இன்னொன்று தாங்கும். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.
- ஒவ்வொரு வயரையும் கனெக்டருக்குப் பக்கத்திலேயே ஜிப் டை போட்டு சட்டத்தோடு கட்டுங்கள்.
- மலையிறங்கியதும், மேட்ச்சுக்கு முன்னும், ஒருவர் கையால் எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்கட்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது, எனக்குத் தெரியவில்லை.
- புரோகிராம் மாற்றம் கடைசி நாள் வேண்டாம். இது என் சுபாவம், துணிந்தவர்கள் செய்துகொள்ளட்டும்.
- பேட்டரியை மேட்ச்சுக்கு மேட்ச் மாற்றுங்கள்.

நடுவர்களுக்குக் கொடுக்கும் அணியின் தொகுப்பேடான போர்ட்ஃபோலியோ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதை அக்காக்கள் எழுதினார்கள், எனக்கு அதில் பங்கில்லை. வயர் மட்டும்தான் என் பொறுப்பு.