எங்கள் பாட்டு

"எங்கள் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டவருக்கு 91 வயது. டிரெஸ்டனில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரத்து அறை அவருடையது. 2024, பெரிய வெள்ளி. மதியம் மூன்று மணி இருக்கும். நான் கீழே உட்கார்ந்து அவர் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் ஆர்கன் வாசித்தார்கள். முதல் வரி முடிவதற்குள் என் வாய் பாட ஆரம்பித்துவிட்டது. "இரத்தம் காயம் குத்தும்..." பெரிய வெள்ளி, மூன்று மணி, அந்த ராகம். வாய் சும்மா இருக்குமா?

அந்த அம்மாள் காலை இழுத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. ஆனால் தன் வீட்டு நகையை அடுத்த வீட்டுப் பெண் கழுத்தில் பார்த்துவிட்டவர் கேட்பதுபோல் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. பொறையாறு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. லுத்தரன் சபை. ஞானப்பாட்டுப் புத்தகத்தில் பல பாட்டுகள் ஜெர்மனியிலிருந்து வந்தவை என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்தப் பாட்டு 1656இல் ஜெர்மனில் எழுதப்பட்டது என்பதும் தெரியும். ஆனாலும் என் காதில் அது அப்பாயியின் பாட்டுதான். பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கம் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமலே எல்லாச் சரணங்களையும் இழுத்து இழுத்துப் பாடுவார். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம் செய்து முடிக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். அந்தப் பாட்டை ஒருவர் 'எங்கள் பாட்டு' என்று சொன்னால்?

"எங்கள் ஊரிலும் பாடுவோம்" என்றேன். "முந்நூறு வருடமாக அங்கே சபை இருக்கிறது."

"எந்த ஊர்?"

தரங்கம்பாடி என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது என்று பழைய பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. "ட்ராங்கேபார்! எங்கள் ஆட்கள் அங்கே போயிருக்கிறார்களே!" அவர் பிறந்து வளர்ந்தது ஹெர்ன்ஹூட்டில். மொரேவியன் சகோதர சபை இருக்கும் சின்ன ஊர், இங்கிருந்து கிழக்கே, போலந்து எல்லைக்குப் பக்கம். 1760இல் அந்தச் சபையிலிருந்து ஒரு கூட்டம் நிக்கோபார் தீவுகளுக்குப் போகும் எண்ணத்தோடு தரங்கம்பாடி வந்து இறங்கியது. ஊருக்கு வெளியே அவர்கள் குடியிருந்த இடத்துக்குச் சகோதரர் தோட்டம் என்றே பெயர். அதில் பல பேர் திரும்பவே இல்லை. அந்த அம்மாள் இதையெல்லாம் சொந்த மாமா வெளியூர் போன கதை மாதிரி சொன்னார்.

அப்புறம் சொன்னார்: "ஞாயிறு விடியற்காலை ஹெர்ன்ஹூட் போங்கள். நாங்கள் ஈஸ்டரைக் கல்லறைத் தோட்டத்தில்தான் கொண்டாடுவோம்."

மருந்து தடவின கை அப்படியே நின்றுவிட்டது. நாங்களும்தான் அம்மா, நாங்களும்தான்.

நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்றாவது ஈஸ்டர் அது. பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகியும்தான் இருந்தேன். பெரிய வியாழன் சாயங்காலம் கடைப் பக்கம் போகக் கூடாது என்று தெரிந்துவிட்டது. வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடை கிடையாது என்பதால் ஊரே பஞ்சம் வரப்போவதுபோல் வண்டி வண்டியாக வாங்கும். அந்த நாளை இவர்கள் பச்சை வியாழன் என்கிறார்கள். எங்கள் இல்லத்துச் சமையலறையில் அன்றைக்குப் பசலைக்கீரை மசியல், உருளைக்கிழங்கு, முட்டை. செடிகளில் வண்ண முட்டைகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பக்கத்து லௌசிட்ஸ் பகுதியில் சோர்பியர் என்று ஒரு சிறிய இனம் இருக்கிறது. அவர்கள் பெண்கள் வாத்து இறகின் முனையை உருகிய மெழுகில் தொட்டு முட்டை ஓட்டின்மேல் புள்ளி வைத்து வரைவதைப் பார்த்தால் நம் மார்கழி வாசல்தான் ஞாபகம் வரும். பெரிய வெள்ளியன்று பொது இடங்களில் ஆட்டம் பாட்டு கூடாது என்று இங்கே சட்டமே உண்டு. எங்கள் வீட்டில் அப்பாயிதான் சட்டம். அன்றைக்கு டிவி ரிமோட்டை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொள்வார்.

கோயில் மட்டும்தான் பழகவில்லை. சாக்சனியில் பெரும்பாலான ஜனங்களுக்கு எந்த மதமும் கிடையாது. நான் போகும் கோயிலில் பெரிய வெள்ளிக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். பீடத்தில் துணி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. அந்த வெறுமை எனக்குப் பிடிக்கும், நெஞ்சைப் பிடிக்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, கை கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். ஒரு வாய் கஞ்சி கிடையாது. நம் ஊரில் மூன்று மணிக்கு வெளியே வந்தால் அண்டாவில் கஞ்சியும் பருப்புத் துவையலும் காத்திருக்கும். முன் திண்ணையில் உட்கார்ந்து, இந்த வருடம் எந்த வார்த்தைக்கு யார் நன்றாகப் பேசினார் என்று விவாதம் நடக்கும். "நாலாவது வார்த்தைக்கு அந்தத் தம்பி அழ வச்சிருச்சு" என்று அப்பாயி தீர்ப்புச் சொல்வார். துக்க வீட்டில் சாப்பிடாமல் யாரும் போவதில்லையே. இங்கே துக்கம் விசாரித்துவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போகிறோம்.

சனிக்கிழமை அப்பாயிக்கு வேறு வேலை. சுண்ணாம்பு வாளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். தாத்தா கல்லறைக்கு வெள்ளை அடிக்க அவர் வேறு யாரையும் விட்டதில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு உபதேசியார் மணி அடிப்பார். தூக்கக் கலக்கத்தில், புதுத் துணி மொடமொடக்க, டார்ச் வெளிச்சத்தில் நடப்போம். கல்லறைக்குக் கல்லறை மெழுகுவர்த்தி. இருட்டில் ஐயர், எங்கள் சபைப் போதகர், உரக்கச் சொல்வார், கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று. மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று நாங்கள் கத்துகிற கத்தலில் புளியமரத்துக் காக்கை எல்லாம் கலையும். கிழக்கே வெளுத்ததும் அப்பாயி குனிந்து தாத்தா கல்லறையை இரண்டு தட்டுத் தட்டுவார்.

"என்னங்க, இன்னிக்கும் எந்திரிக்கலையா? சரி, அடுத்த வருஷம் பாப்போம்."

ஒவ்வொரு வருடமும் இதே பேச்சு. சின்ன வயதில் நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆனால் கேட்காமல் வந்ததில்லை. அதற்கப்புறம்தான் வீடு, இட்லி, நாற்பது நாளுக்குப் பிறகு ஆட்டுக்கறிக் குழம்பு.

2023 அக்டோபரில் அப்பாயி இறந்துபோனார். மறுநாளே அடக்கம். எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. இல்லத்தின் துணி மாற்றும் அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பெட்டியை இறக்கும் நேரத்தில் படம் நின்றுவிட்டது.

சரி, ஹெர்ன்ஹூட்டுக்கு வருகிறேன். ஞாயிறு காலை ஷிஃப்ட்டை வியட்நாம் தோழி ஒருத்தி வாங்கிக்கொண்டாள். பதிலுக்கு மே தினத்தில் அவள் ஷிஃப்ட் எனக்கு. கோயிலில் பழக்கமான வயதான தம்பதி காரில் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஈஸ்டரும் கோடை நேரம் தொடங்கும் நாளும் ஒன்றாக வந்தன, மார்ச் 31. இரவு இரண்டு மணி அடித்ததும் கடிகாரம் மூன்றுக்குத் தாவிவிடும். நாலு மணிக்குக் கிளம்பினோம். உடம்புக்கு அது மூன்று மணி. உபதேசியார் மணி அடிக்கும் நேரம்.

நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் வெளிச்சத்தில் ஒரு பலகை வந்தது: புல்ஸ்நிட்ஸ். சீகன்பால்கு ஐயர் பிறந்த ஊர்! நான் கத்திய கத்தலில் அந்தத் தாத்தா வண்டியை மெதுவாக்கிவிட்டார். அவர்களுக்கு அந்த ஊர் என்றால் இஞ்சி, மசாலா போட்ட தேன் ரொட்டிதான். எனக்கு எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படம். 1706 ஜூலை 9ஆம் தேதி, 23 வயதில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய மிஷனரி. தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து, 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி, அடுத்த வருடமே 36 வயதில் இறந்து, அதே ஆலயத்துக்குள் அடக்கம் ஆனவர். இந்த ஊர்ப் பிள்ளை எங்கள் மண்ணில் படுத்திருக்கிறார். அவர் அம்மா அப்பா அவருடைய சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அவர் கல்லறைக்கு இந்த ஊரிலிருந்து யார் போய் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள்? நம் ஜனங்கள்தான் இத்தனை காலமும் பார்த்துக்கொள்கிறோம். பலகை பின்னால் போய் ரொம்ப நேரம் ஆகியும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெர்ன்ஹூட்டில் காரை விட்டு இறங்கியபோது இருட்டு. எங்கோ ஒரு தெருவில் டிராம்போன் சத்தம். ஊரை எழுப்ப ஊதிக்கொண்டு வருகிறார்கள் என்றார்கள். சபை மண்டபத்துக்குள் சுவர் வெள்ளை, பெஞ்சு வெள்ளை. பீடம் என்று ஒன்றும் இல்லை, ஒரு மேசைதான். வாழ்த்துச் சொன்னார்கள், பதில் சொன்னோம். நான் தமிழில் சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் எல்லோரும் எழுந்து, ஊதுகுழல்காரர்களோடு, ஹூட்பெர்க் குன்றை நோக்கி நடந்தார்கள். 1732இல் இந்தச் சபையின் கல்யாணமாகாத இளைஞர்கள் சிலர் ஈஸ்டர் விடியலில் இந்தக் குன்றுக்கு வந்து பாடியதில் ஆரம்பித்த வழக்கம்.

அந்தத் தோட்டத்தை எப்படிச் சொல்ல? கல்லறைகள் எழும்பி நிற்பதில்லை. எல்லாம் தரையோடு படுத்த கற்கள், ஒரே அளவு. பணக்காரன் ஏழை தெரியாது. நடுவில் இருக்கும், இந்தச் சபைக்கு இடம் கொடுத்த சின்சன்டோர்ஃப் பிரபு குடும்பத்தின் பெரிய கல்லறைகள் மட்டும் விலக்கு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் கோயிலில் உட்காருகிற மாதிரியே. பாய் மட்டும்தான் குறை என்று தோன்றியது. பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மெழுகுவர்த்தி இல்லை, பூச்சரம் இல்லை, சுண்ணாம்பு வாசனை இல்லை. ஆறரை மணியைத் தாண்டிக் கிழக்கே வெளுக்கும்போது ஜெபத்தில் ஒரு வரி வந்தது: போன ஈஸ்டருக்குப் பிறகு ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த எங்கள் சகோதர சகோதரிகளோடு எங்களை நித்திய ஐக்கியத்தில் வைத்தருளும் என்று. ஒவ்வொரு வருடமும் சொல்லும் வரியாம். போன ஈஸ்டருக்குப் பிறகு. அப்பாயி பெயரை வாய்க்குள் சொன்னேன். அங்கே தட்டுவதற்கு எனக்கென்று ஒரு கல் இல்லை. அடுத்தவர் வீட்டுக் கல்லைத் தட்ட மனம் வரவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். முந்தின நாள்வரை நாலரை மணி வித்தியாசம், இப்போது மூன்றரை. அங்கே ஆட்டுக்கறி கொதிக்கும் நேரம்.

"அப்பாயிக்கு வெள்ளை அடிச்சீங்களாம்மா?"

"இன்னும் மண்ணு இறங்கலடா, கட்டினாத்தானே அடிக்க. மண்ணு மேலதான் மெழுகுவத்தி வச்சேன். காத்து. மூணு தரம் ஏத்தினேன்."

"தாத்தாகிட்ட யாரு கேட்டா?"

"தம்பிதான். ரெண்டு பேரும் இன்னும் எந்திரிக்கலையான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம்." அப்புறம் கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமையும் இங்கே ஈஸ்டர் விடுமுறை, எனக்கு வேலை. ஜன்னலோர அறைக் கதவைத் திறந்ததுமே அந்த அம்மாள் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்துவிட்டார். வானம் எப்படி இருந்தது, எந்தப் பாட்டு முதலில் ஊதினார்கள், அவர் அக்கா கல்லைப் பார்த்தேனா என்று கேள்விமேல் கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன்.

"டிராம்போன் எத்தனை?"

நான் எண்ணவில்லை.

"எண்ணவில்லையா?" அவருக்கு ரொம்ப ஏமாற்றம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு காலை என் பக்கம் நீட்டினார். "சரி. அடுத்த வருடம் எண்ணிக்கொண்டு வாருங்கள்."