35-க்கு 29

நான் கியூவை, அதாவது பந்தடிக்கிற கோலை, கையில் எடுத்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இந்த ஆட்டத்தின் பொதுப்பெயரை (ஆங்கிலத்தில் pool) தமிழில் எழுத மட்டும் இன்னும் கூச்சம் போகவில்லை. எழுதினால் வேறு அர்த்தம் வந்து விழும். ஒருமுறை குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஆர்வக்கோளாறில் தமிழிலேயே போட்டுவிட்டு சித்தப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் இந்தப் பதிவு முழுக்க நைன்பால், எயிட்பால் என்று ஆட்ட வகையின் பெயரைச் சொல்லியே ஓட்டிவிடுகிறேன். ஆறு பாக்கெட், ஒரு வெள்ளைப் பந்து, எண் போட்ட கலர் பந்துகள். எதைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும்.

போன மாதம் கிளப்பில் புதிதாக வரும் ஒரு பையன் கேட்டான், "அண்ணா, இதுல உலக சாம்பியன் யாருண்ணா?" என்று. "எந்த வருஷத்துக்கு?" என்றேன். "ஏன், வருஷத்துக்கு ஒருத்தர்தானே?" என்றான். பாவம், 1999-ஐப் பற்றி அவனுக்குத் தெரியாது.

அந்த வருஷம் நைன்பாலுக்கு இரண்டு உலக சாம்பியன்கள். டபிள்யூ.பி.ஏ. என்று ஒரு உலகச் சங்கம் உண்டு, 1987-ல் தொடங்கியது. 1990-லிருந்து அவர்கள்தான் உலகப் போட்டி நடத்தி வந்தார்கள், முதல் சாம்பியன் அமெரிக்காவின் எர்ல் ஸ்ட்ரிக்லண்ட். 1999-ல் இங்கிலாந்தின் மேட்ச்ரூம் கம்பெனி, அதாவது பாக்ஸிங்கிலும் ஸ்னூக்கரிலும் பெயர் வாங்கிய பாரி ஹெர்னின் கம்பெனி, வேல்ஸில் கார்டிஃபில் தனியாக ஒரு உலகப் போட்டி வைத்தது. அதில் ஜெயித்தவர் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ். சங்கம் ஸ்பெயினில் அலிகாண்டேயில் தன் போட்டியை நடத்தியது, அங்கே ஜெயித்தவர் நிக் வார்னர். அப்புறம் இரண்டு தரப்பும் கைகுலுக்கி, மறுவருஷத்திலிருந்து ஒரே போட்டி ஆக்கி, ரேயஸ் ஜெயித்ததையும் சங்கம் பின்தேதியிட்டு அங்கீகரித்தது. கல்யாணம் முடிந்த பிறகு முகூர்த்தம் குறித்த மாதிரி.

இந்தச் சண்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் "உண்மையான சங்கம் எது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியிலேயே நம்பிக்கை இல்லை. சங்கத்தின் கையில் இருப்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அந்த ஸ்டாம்ப் விழுந்தால் அது "அங்கீகரிக்கப்பட்ட" போட்டி, விழாவிட்டால் கேளிக்கை. புரமோட்டர் கையில் இருப்பது பணமும் டிவியும். டேபிளில் குனிந்து பந்தை அடிக்கிறவன் கையில் என்ன இருக்கிறது? ஒரு கியூ, ஒரு ஃப்ளைட் டிக்கெட், பெரும்பாலும் அவன் சொந்தக் காசில் எடுத்தது. சங்கத்தில் ஓட்டு கண்டத்துக் கூட்டமைப்புகளுக்கு, அந்தக் கூட்டமைப்பில் ஓட்டு தேசியச் சங்கங்களுக்கு. ஆடுகிறவனுக்கு எந்த மாடியிலும் நாற்காலி கிடையாது.

பக்கத்து வீட்டு ஸ்னூக்கரைப் பாருங்கள். (ஸ்னூக்கர் நம்ம ஊர்ச் சரக்குதான். ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் ஆட ஆரம்பித்து, விதிகளை ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.) 2010-ல் ஸ்னூக்கரின் வியாபாரத்தை இதே ஹெர்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று கேள்வி வந்தபோது, உறுப்பினர்களான ஆட்டக்காரர்களிடமே ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டும் 35, வேண்டாம் 29. ஆறு ஓட்டு வித்தியாசம்தான். எதிர்த்தவர்களுக்கு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும், ஆனால் கேட்டார்கள், எண்ணினார்கள், ஆட்டக்காரர்களின் சங்கம் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டது. நைன்பாலில் அப்படி ஒரு ஓட்டெடுப்பு நடத்தக்கூட இடமில்லை, ஏனென்றால் எல்லா ஆட்டக்காரர்களும் உறுப்பினராக இருக்கிற ஒரு வீடே இல்லை.

பெண்கள் அப்படி ஒரு வீட்டைக் கட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டபிள்யூ.பி.பி.ஏ. என்ற பெண்கள் சங்கம் 1976-ல் தொடங்கியது, ஆட்டக்காரப் பெண்களே முன்னின்று நடத்தியது. 90-களில் டிவியில் ஜெனட் லீயும் ஸ்னூக்கரை விட்டுவிட்டு வந்த அலிசன் ஃபிஷரும் ஆடியது அவர்களுடைய டூரில்தான். ஆண்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஒரு சங்கம் வரும், கேமல் சிகரெட் ஸ்பான்ஸர் பண்ணும், ஸ்பான்ஸர் போவான், சங்கம் கலையும், இன்னொரு மூன்றெழுத்துப் பெயரில் வேறொன்று முளைக்கும். எனக்கே அந்தப் பெயர்கள் குழம்பும்.

இதில் எல்லோரும் மறக்க விரும்புகிற கதை ஒன்று உண்டு. 2005-ல் கெவின் ட்ரூடோ என்று ஒருவர் வந்தார். நள்ளிரவு டிவி விளம்பரங்களில் வைத்தியப் புத்தகம் விற்றுப் பணம் பார்த்தவர். சங்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நானே டூர் நடத்துகிறேன் என்று இன்டர்நேஷனல் டூர் ஒன்றை ஆரம்பித்தார். 2006 ஜூலையில் லாஸ் வேகஸில் எயிட்பால் போட்டி, மொத்தப் பரிசு 20 லட்சம் டாலர், ஜெயித்த ஜெர்மன்காரர் தோர்ஸ்டன் ஹோமனுக்கு 3,50,000. செப்டம்பரில் ரீனோ, பரிசு 30 லட்சம், முதல் பரிசு 5 லட்சம், எஃப்ரென் ரேயஸ் ஜெயித்தார். அந்த ஆட்டத்தில் அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. ஆட்டக்காரர்கள் கோட் சூட் போட்டுக்கொண்டு நின்ற போட்டோக்களை இப்போது பார்த்தாலும் கொஞ்சம் நெஞ்சை என்னவோ செய்யும். கடைசியில் என்ன ஆயிற்று? ரீனோ முடிந்தது, பணம் வரவில்லை. அப்புறம் கடன்காரன் கொடுக்கிற மாதிரி தவணை தவணையாக வந்தது. டூர் படுத்தது. ட்ரூடோ வேறொரு வழக்கில், புத்தக விளம்பரம் சம்பந்தமாக நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக, 2014-ல் பத்து வருஷ சிறைத்தண்டனை வாங்கினார்.

அந்த 5 லட்சம் டாலரை முதல் பிரேக் (அடுக்கின பந்துகளைச் சிதறடிக்கிற தொடக்க அடி) அடிப்பதற்கு முன்னால் ஒரு பொதுக் கணக்கில் போட வைக்க யாருக்காவது அதிகாரம் இருந்ததா? இல்லை. ஸ்டாம்ப் வைத்திருந்த சங்கத்துக்கும் இல்லை, ஆட்டக்காரர்களுக்கும் இல்லை. இதுதான் என் புகார். ஆளுகை என்றால் எனக்கு இந்தக் கேள்விதான், மற்றதெல்லாம் லெட்டர்பேடு.

சரி, சமீபத்திய சண்டைக்கு வருவோம். மேட்ச்ரூம் 2018-ல் நைன்பாலின் யு.எஸ். ஓப்பன் போட்டியை வாங்கியது, அப்புறம் வேர்ல்ட் நைன்பால் டூர் என்று சொந்த டூரையே நிறுவியது. 2024-ல் உலகப் போட்டி சவுதியின் ஜெட்டாவில். மொத்தம் 10 லட்சம் டாலர், ஜெயித்த ஃபெடோர் கோர்ஸ்டுக்கு 2,50,000. அதே வருஷம் சங்கத்துக்கும் மேட்ச்ரூமுக்குமான உரசல் வீதிக்கு வந்தது. அங்கீகாரமில்லாத போட்டியில் ஆடினால் தடை விழும் என்று ஆசிய ஆட்டக்காரர்களுக்கு எச்சரிக்கை போனது, அதன் நடுவில்தான் மேட்ச்ரூமின் ஹனோய் ஓப்பன் நடந்தது, பிலிப்பைன்ஸின் யோஹான் சுவா அதை ஜெயித்தார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "தடையாவது கிடையாவது, பணம் இருக்கிற இடத்தில் ஆடிவிட்டுப் போ" என்பார்கள். அமெரிக்காவில் இருப்பவனுக்கு அது சுலபம். மணிலாவிலோ ஹனோயிலோ இருப்பவனுக்குத் தேசியச் சங்கம் என்பது வெறும் ஸ்டாம்ப் இல்லை. தென்கிழக்கு ஆசியப் போட்டிக்கு நாட்டு ஜெர்ஸி போட்டுவிடுவது அதுதான், அரசாங்க உதவித்தொகைக்குப் பெயர் அனுப்புவது அதுதான். இந்தியாவிலும் அப்படியே, ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ், இந்த ஆட்டம் மூன்றும் ஒரே தேசியக் கூட்டமைப்பின் கீழ், நேஷனல்ஸில் மெடல் வாங்கினால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையைப் பற்றி யோசிக்கவே முடியும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் இரண்டுபட்டது, கூத்தாடி இரண்டு பக்கமும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

இது டேபிள் வரைக்கும் வந்துவிடுகிறது. சங்கத்தின் பழைய விதிப்படி நைன்பால் ரேக்கில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளை அடுக்குகிற அடுக்கில், ஒன்றாம் நம்பர் பந்து டேபிளில் குறித்த புள்ளியின் மேல் இருக்கும். மேட்ச்ரூம் ஒன்பதாம் நம்பரைப் புள்ளியில் வைக்கச் சொல்லும், அதாவது மொத்த ரேக்கும் இரண்டு பந்து அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னே நகரும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பழைய ரேக்கில் ஓரத்துப் பந்து கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் மூலை பாக்கெட்டில் விழும், புதிய ரேக்கில் அது குஷனில் இடித்துவிட்டு நிற்கும். பிரேக்கை முதலிலிருந்து பழக வேண்டும். நான் மூன்று வாரம் முயன்று பார்த்துவிட்டுத் தோளில் வலி வந்து விட்டுவிட்டேன். இரண்டு இடத்திலும் ஆடுகிறவன் என்ன பண்ணுவான்?

நான் ஒன்றும் மேட்ச்ரூம் பக்தன் இல்லை. பணம் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், டிவியில் அழகாகக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். நாளைக்கு அவர்களுக்கு இந்த ஆட்டத்தில் லாபம் இல்லை என்று தோன்றினால் கடையைச் சாத்திவிட்டு டார்ட்ஸைப் பார்க்கப் போய்விடுவார்கள், அப்போது அழ ஒரு சங்கம்கூட மிஞ்சியிருக்காது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்றால், ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஏரியா கிளப் ஒன்றில் டோர்னமென்ட் ஆடினேன். என்ட்ரி 300 ரூபாய், முதல் பரிசு 8,000 என்று போஸ்டர். ஃபைனல் முடிய இரவு ஒன்றரை மணி. ஜெயித்தேன். "பிரதர், கலெக்‌ஷன் கம்மி" என்று 3,000 ரூபாயும், ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் கொடுத்தார்கள். மீதி ஐந்தாயிரம் அடுத்த வாரம் என்றார்கள். கோப்பை இன்னும் ஷெல்ஃபில் இருக்கிறது, அடுத்த வாரம்தான் வரவில்லை.

இப்போது எங்கள் கிளப்பில் டோர்னமென்ட் என்றால், குலுக்கல் போடுவதற்கு முன்னால் பரிசுப் பணத்தைக் கவுண்டரில் எண்ணி, கவரில் போட்டு, ஒட்டி, நான்கு ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கச் சொல்லிக் கழுத்தறுப்பேன். முதலாளி முதலில் முறைத்தார், பழகிவிட்டார். பையன்கள் எனக்கு கேஷியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலக சாம்பியன் யார் என்று கேட்ட அந்தப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை முதல் ரவுண்டிலேயே தோற்றான், ஆனால் கவரில் நான்காவது கையெழுத்து அவனுடையது.