கொலனோஸ்கோபிக்கு முந்தின மூணு நாள் சமையல்

வெள்ளை பிரெட், கார்ன் ஃப்ளேக்ஸ், கிளியர் சூப், ஜெல்லி. கொலனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள்ள கேமராக் குழாயை விட்டுப் பார்க்கிற டெஸ்டுக்கு, முன்னாடி இதெல்லாம் சாப்பிடலாம்னு மருத்துவமனையில கொடுத்த தாள்ல போட்டிருந்துச்சு. மன்னார்குடிப் பக்கம் கிராமத்துல குடியிருக்கிறவ ஜெல்லிக்கு எங்க போறது? மறுபக்கத்துல கூடாதது: முழு தானியம், விதை, கொட்டை, பச்சைக் காய்கறி. அதோட சரி. ரசத்துல மிதக்கிற கடுகு விதையில சேருமா, மோர் ஊத்திக்கலாமா, இளநீர் குடிக்கலாமா, ஒண்ணும் இல்ல. நர்சம்மாவைக் கேட்டா, "லேசான சாப்பாடா சாப்பிடுங்கக்கா" அப்படின்னுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

இந்த "லேசான சாப்பாடு"தான் எங்க அண்ணனைக் கவுத்துச்சு. அவருக்கு மலத்துல ரத்தம் போகுதுன்னு டெஸ்ட் எழுதிக் கொடுத்தப்ப இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. அண்ணன் என்ன செஞ்சார்? கறி மீனை நிறுத்திட்டு, காலையில பழைய சோறு, மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல், சாயங்காலம் ரெண்டு கொய்யாப்பழம். நம்ம ஊர்ல வயித்துக்கு லேசுன்னா அதுதானே. பேதி மருந்தையும் முழுசாத்தான் குடிச்சார். கேமராவை உள்ள விட்டா கீரைத் துணுக்கும் கொய்யா விதையுமா ஒட்டிக்கிட்டு ஒண்ணும் தெரியல, பாதியில நிறுத்திட்டாங்க. திரும்ப நாள் குறிச்சு, திரும்பப் பட்டினி கிடந்து, ரெண்டாந்தடவைதான் புற்றுநோய்க் கட்டி இருக்கிறதே தெரிஞ்சுது. ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வயலுக்குப் போற அளவுக்கு நல்லா இருக்கார். ஆனா அப்பாவோ அம்மாவோ கூடப்பிறந்தவங்களோ, யாருக்காச்சும் 60 வயசுக்குள்ள குடல் புற்றுநோய் வந்திருந்தா, மத்தவங்க 40 வயசுலயே பார்த்துக்கணும், இல்லேன்னா அவங்களுக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முந்தி, எது முந்தியோ அது. அண்ணனுக்கு 56. எனக்கு 49. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பேசாம நாள் குறிச்சுக்கிட்டு வந்தேன்.

நான் சத்துணவு அமைப்பாளர். ஒருநாள் விட்டு ஒருநாள் பிள்ளைங்ககிட்ட "கீரையை ஒதுக்காதே, பயறை மிச்சம் வைக்காதே"ன்னு கத்துறது என் பிழைப்பு. வீட்டுல வெள்ளை அரிசியை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துல ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தின காலத்துல என் வீட்டுக்காரர் அங்க போய் மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கிட்டு வந்தார். அதுலேருந்து எங்க வீட்டுச் சோறு சிவப்புச் சோறுதான். இப்ப மூணு நாளைக்கு அத்தனையும் தலைகீழ். எதெல்லாம் உடம்புக்கு நல்லதுன்னு ஊருக்குச் சொல்றேனோ அதெல்லாம் ஆகாது. எதைச் சக்கைன்னு திட்டுறேனோ அதைத்தான் சாப்பிடணும்.

காரணம் தெரிஞ்சதுக்கப்புறம் எரிச்சல் குறைஞ்சுது. நார்ச்சத்து செரிக்காம அப்படியே பெருங்குடலுக்குப் போகும். மத்த நாள்ல அதுதான் அதோட நல்ல குணம், டெஸ்ட் அன்னைக்கு அதுவே இடைஞ்சல். கேமராக் குழாய்ல உறிஞ்சுறதுக்குன்னு ஒரு துவாரம் இருக்கு, மூணு நாலு மில்லிமீட்டர்தான் அகலம். தண்ணியா இருந்தா இழுத்துரும். தக்காளித் தோலும் கொய்யா விதையும் போய் நின்னா அடைச்சுக்கும். கீரை குடல் சுவத்துல ஒட்டிக்கிட்டா அடியில இருக்கிற சின்ன பாலிப், அதாவது குடல் சுவத்துல முளைக்கிற சதை வளர்ச்சி, தெரியாது.

அதனால தாளை ஓரமா வச்சுட்டு, நம்ம அடுப்படிக்கு நானே ஒண்ணு எழுதி, அதை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டேன். ரெண்டு இடத்துல அடிச்சுத் திருத்திக் கொடுத்தார், அதுல ஒண்ணு மோர். முதல் ரெண்டு நாள் தயிர் மோர் சேர்த்துக்கலாம், முந்தின நாள் பால் வகை எதுவும் கூடாது.

சோறு, நல்லாத் தீட்டின பொன்னி. குழைய வடிச்சது. இட்லி, இடியாப்பம், ரவைக் கஞ்சி, சேமியா, ஜவ்வரிசிக் கஞ்சி எல்லாம் சரி. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கூடாது, தேங்காய் நார்தான். பொடியும் கூடாது. சர்க்கரை தொட்டுக்கிட்டேன், சின்னப் பிள்ளையில சாப்பிட்ட மாதிரி. காய்ல சுரைக்காயும் பூசணியும், தோலும் குடலும் விதையும் எடுத்துட்டு, மசியுற வரைக்கும் வேகவச்சு. உருளைக்கிழங்கு தோல் உரிச்சு. முட்டை சேரும். வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்காய், அவரை, கொத்தவரை, வெண்டை, கத்தரி இதெல்லாம் வாசப்படி தாண்டக் கூடாது. சாம்பாரும் கிடையாது, பருப்பு நாரு.

தாளிப்புலதான் எனக்குக் கை ஓடல. கடுகு இல்லாம, கறிவேப்பிலை இல்லாம, மிளகாய் கிள்ளிப் போடாம என்ன சமையல்? ரசத்தை எப்பவும் போல வச்சு, தெளிய விட்டு, மேலாப்புல எடுத்து, காப்பி வடிகட்டியில ஒரு தடவை, அப்புறம் வெள்ளைத் துணியில ஒரு தடவை வடிச்சேன். துணியில நின்னதைப் பார்த்தாத்தான் தெரியுது நம்ம ரசத்துல எவ்வளவு கிடக்குதுன்னு: மிளகு ஓடு, சீரகம், தக்காளி விதை, மல்லித்தழைக் காம்பு. கீழ இறங்கினது தேன் நிறத்துல தண்ணி. உப்பும் புளிப்பும் காரமும் அப்படியே இருந்துச்சு. கார்ன் ஃப்ளேக்ஸுக்கு இது எவ்வளவோ தேவலை.

முந்தின நாள் கெட்டியா எதுவுமே இல்ல, தண்ணி ஆகாரம் மட்டும். கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, பின்னாடி பேப்பரைப் பிடிச்சா எழுத்து தெரியணும், அதுதான் கணக்கு. இளநீர், வழுக்கை இல்லாம. வடிகட்டின எலுமிச்சை ஜூஸ். வடிகட்டின பானகம். கோலி சோடா. நான் வடிச்ச ரசம். சிவப்பும் ஊதாவும் ஆகவே ஆகாது. ரோஸ் சர்பத், திராட்சை ஜூஸ், சிவப்புக் கலர் எதுவும் குடல்ல ஒட்டினா ரத்தம் மாதிரித் தெரியுமாம். கிட்னிக் கோளாறு உள்ளவங்க இளநீரை டாக்டரைக் கேட்காம குடிக்காதீங்க, அதுல பொட்டாசியம் கூட.

காப்பிதான் அழ வச்சுது. பால் கூடாது. டிகாக்ஷனை சுடுதண்ணியில கலந்து சர்க்கரை போட்டு வரக்காப்பியாக் குடிக்கலாம். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு இது ஒரு தண்டனைன்னுதான் சொல்லணும். ஆனா குடிக்கலேன்னா சாயங்காலம் மண்டை பிளக்கும், குடிச்சுத்தான் ஆகணும்.

மாத்திரை விஷயத்துல யாரும் சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது. நான் ரத்தச் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறவ. அதை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லிட்டாங்க, மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டிக்கிற குணம் அதுக்கு உண்டு. பிரஷர் மாத்திரையை அன்னைக்குக் காலையில ஒரு வாய் தண்ணியில போட்டுக்கச் சொன்னாங்க. அண்ணனுக்குச் சர்க்கரை, அவருக்கு மாத்திரை அளவையே மாத்திக் கொடுத்தாங்க, ஏன்னா சாப்பிடாம மாத்திரை மட்டும் போட்டா சர்க்கரை தடாலுன்னு இறங்கிடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுறவங்க நாள் குறிக்கும்போதே சொல்லிடணும்.

இனிமே மருந்து. எதிர்வீட்டு ஆச்சிக்கு இந்த மருந்து மேல நம்பிக்கையே இல்ல. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா வெறும் வயித்துல விளக்கெண்ணெய் குடிச்சவங்கடி நாங்க. அதுக்கு ஒரு பாக்கெட்டு, அதுக்கு ஒரு பில்லு" அப்படின்னாங்க. விளக்கெண்ணெய் குடலை முறுக்கி வெளியேத்தும், கண்ணாடி மாதிரி கழுவாது. இந்தப் பவுடர் பாலிஎத்திலீன் கிளைக்கால், கூட உப்பு வகைங்க. உடம்பு அதை உறிஞ்சாது. குடிச்ச தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அப்படியே கீழ இறங்கும், உப்பும் கலந்திருக்கிறதால உடம்புல உள்ள உப்பு அதிகம் வெளியே போகாது. எனக்குக் கொடுத்த பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணியில கரைக்கணும். ருசி? உப்பும் இனிப்பும் எலுமிச்சை எசன்ஸுமா வழவழன்னு. பானையில வச்சுக் குளிர்ந்ததுக்கப்புறம் குடிச்சா தேவலை. ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவுல ஒரு துண்டு கல்கண்டு வாயில போட்டுக்கிட்டேன். வாந்தி வர்ற மாதிரி இருந்தா அரை மணி நேரம் நிறுத்திட்டுத் தொடரலாம், அவசரப்பட்டு மடக்மடக்னு குடிச்சு அத்தனையும் வாந்தியெடுத்தா திரும்ப முதல்லேருந்து.

இதை ரெண்டா பிரிச்சுக் குடிக்கிறதுதான் முக்கியம். முந்தின நாள் சாயங்காலம் பாதி, டெஸ்ட் அன்னைக்கு விடியக்காலை பாதி. ராத்திரியே அத்தனையும் முடிச்சுட்டு நிம்மதியாத் தூங்கலாம்னு தோணும். ஆனா ராத்திரி பூரா சிறுகுடல்லேருந்து பித்தமும் சளியும் இறங்கிக்கிட்டே இருக்கும், அது வலதுபக்கக் குடல்ல படியும். தட்டையா இருக்கிற பாலிப்புங்க அந்தப் பக்கம்தான் அதிகம் ஒளிஞ்சிருக்கும். விடியக்காலை டோஸ் அதைக் கழுவுறதுக்கு.

இங்கதான் கிராமத்துக்காரங்களுக்குச் சிக்கல். அஞ்சு மணிக்குப் பேதி மருந்தைக் குடிச்சுட்டு, வடுவூர் வழியாத் தஞ்சாவூர் போற பஸ்ல எப்படி உக்காந்து போறது? ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். தாள் எழுதினவங்க யாரும் இதை யோசிச்சிருக்க மாட்டாங்க. நான் ரெண்டு ஏற்பாடு செஞ்சேன். எட்டு மணிக்குக் கொடுத்த நேரத்தைப் பதினொண்ணுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டேன், மாத்தினாங்க. முந்தின நாள் மத்தியானமே தஞ்சாவூர்ல பெரியம்மா மக வீட்டுக்குப் போயிட்டேன். மருந்தை அங்க வச்சுத்தான் ஆரம்பிச்சேன். அக்கா வீட்டுல படுக்கிற அறைக்குள்ளயே வெஸ்டர்ன் டாய்லெட். எங்க வீட்டுல கொல்லைக்கோடியில இருக்கு, எனக்கு முட்டி வலி, ராத்திரி மழை வேற பெஞ்சுது. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதை முதல்ல யோசிங்க. வழுக்கி விழுந்தா டெஸ்டை விட அது பெரிய செலவு.

மருந்து வேலை செய்ய ஆரம்பிச்ச பிறகு எத்தனை தடவை போனேன்னு எண்ணல. முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டது புண்ணியம். கழுவிட்டு மெல்லிய துணியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. கொழுந்தன் போன் பண்ணி, "என்ன அண்ணி, மேட்டூர் திறக்கறதுக்கு முந்தித் தூர் வாருறாங்களாமே?" அப்படின்னான். பதில் சொல்லப் பொழுதில்ல, போனை வச்சுட்டு ஓடினேன். விடியக்காலை மருந்தும் முடிஞ்சப்ப வெறும் மஞ்சள் தண்ணியா, அடி தெரியுற மாதிரி வந்துச்சு. அதுதான் அடையாளம். கலங்கலாவோ பழுப்பாவோ இருந்தா மருத்துவமனைக்குப் போனவுடனே சொல்லிடணும், மறைக்கக் கூடாது.

டெஸ்டைப் பத்திச் சொல்ல அதிகம் இல்ல. இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாங்க, கையில ஊசி, அப்புறம் எழுப்பினாங்க. வயித்துல காத்து நிறைய இருந்துச்சு, அக்கா வீட்டு மொட்டைமாடியில நடந்து நடந்து வெளியேத்தினேன். மயக்க மருந்து கொடுத்த அன்னைக்கு வண்டி ஓட்டவும் கூடாது, பத்திரத்துல கையெழுத்துப் போடவும் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க.

ரிப்போர்ட்ல மார்க் போட்டிருந்தாங்க! குடலை மூணு பாகமாப் பிரிச்சு, சுத்தத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 0-லேருந்து 3 வரைக்கும். பாஸ்டன் அளவுகோல்னு பேர். எனக்கு 2, 3, 3. ஒன்பதுக்கு எட்டு. அண்ணனோட முதல் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், 0, 1, 1. எந்தப் பாகமும் ரெண்டுக்குக் கீழ போகக் கூடாதாம். எனக்கு ஒரு சின்ன பாலிப், நாலு மில்லிமீட்டர், அங்கேயே எடுத்து பயாப்சிக்கு அனுப்பினாங்க, அடினோமான்னு வந்துச்சு. புற்றுநோய் இல்ல, விட்டிருந்தா பல வருஷம் கழிச்சு ஆகக்கூடிய வகை. அஞ்சு வருஷத்துல திரும்ப வரச் சொல்லியிருக்கார்.

அடுத்து என் தங்கச்சி முறை. நாகப்பட்டினத்துல வாக்கப்பட்டவ, மேல எழுதினது அத்தனையும் அனுப்பி வச்சேன். படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அக்கா, மூணு நாளும் மீன் இல்லாமயா?" மீன் தாராளமாச் சாப்பிடலாம்டி, அதுல நார் கிடையாது. ஆவியில அவிச்சு, உப்பு மட்டும் போட்டு. குழம்பா வேண்டாம், வெங்காயமும் தக்காளியும் வெந்தயமும் அதுலதான் கிடக்கு. முந்தின நாள் அதுவும் கிடையாது. முள்ளு அதிகமுள்ள மீனா வாங்காதே. அது டெஸ்டுக்காகச் சொல்லல, நீ சாப்பிடுற வேகத்துக்காகச் சொல்றேன்.