ஒரே கதையை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன்

10 வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். அலுவலகம் முடிந்து, வீடு அடங்கிய பிறகு 9.30 முதல் 11 மணி வரை. அச்சில் வந்தவை மூன்று. மற்றவை எங்கே போயின என்று தபால்காரருக்கும் தெரியாது. வாக்கியத்தைத் தீட்டுவதுதான் எழுத்துப் பயிற்சி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ‘வானம் சாம்பல் பூத்திருந்தது’ என்பதா, ‘சாம்பலாய்க் கிடந்தது’ என்பதா என்று ஒரு முழு இரவைக் கழித்தவன் நான். இந்த ஜனவரியில் ஒரு தீர்மானம் எடுத்தேன். புதுக் கதை கிடையாது. ஒரே கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அது எங்கே படுத்துவிடுகிறது என்று கண்டுபிடிக்கும் வரை விடுவதில்லை. இப்போது ஆகஸ்ட். ஐந்தாவது வரைவில் இருக்கிறேன்.

கதையின் பெயர் ‘தராசு’. உசிலம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாமலை, கண்புரை அறுவைக்காக மதுரைக்குப் போய் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்குகிறார். அந்த வாரத்தில் மகன் சேகர் மின்னணுத் தராசு வாங்கிவிட்டு, பழைய தராசையும் எடைக்கற்களையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறான். அப்பா திரும்பி வருகிறார். இதற்கு அடியில் ஒரு ரகசியம் உண்டு. கடை நொடித்துப்போன ஒரு வருடத்தில், ஒரு கிலோ கல்லின் அடிக்குழியில் ஊற்றியிருக்கும் ஈயத்தை அண்ணாமலை சுரண்டி எடுத்திருக்கிறார். பிறகு மனம் உறுத்தி, ஆயுள் முழுக்க எல்லாருக்கும் ஒரு பிடி கூடுதலாகவே போட்டு வந்திருக்கிறார்.

முதல் வரைவு 3,400 சொற்கள். சேவல் கூவி, கோலம் போட்டு, தேநீர்க்கடையில் ஆவி பறந்து முடிவதற்குள் ஒரு பக்கம் போயிருந்தது. இரண்டாம் பக்கத்திலேயே ஈயம் சுரண்டிய கதை, நினைவலையாக. கடைசியில் நேர்மை பற்றி அண்ணாமலை மூன்று பத்தி பேசினார்.

அக்காவிடம் கொடுத்தேன். 30 வருடம் தமிழாசிரியையாக இருந்தவர். “நன்றாக இருக்கிறதடா” என்றார். தம்பியிடம் வேறென்ன சொல்வார்? மறுநாள் அதே தாள்களைத் திரும்பக் கொடுத்து வேறு மாதிரி கேட்டேன். “கருத்துச் சொல்ல வேண்டாம் அக்கா. படிக்கும்போது எங்கே எழுந்து போகிறாயோ அங்கே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடு.” ஐந்து கோடுகள் வந்தன. ஒன்றுக்குப் பால் பொங்கியது, ஒன்றுக்குக் கீரைக்காரி வந்தாள், இரண்டுக்குத் தொலைபேசி. ஐந்தாம் கோட்டுக்கு என்ன காரணம் என்று கேட்டேன். “ஒன்றுமில்லை, சும்மாதான் எழுந்தேன்” என்றார். அதுதான் வலித்தது.

பிப்ரவரியில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித் துண்டாக்கி, பின்பக்கத்தில் காட்சிக்கு ஒன்றாக எழுதினேன். 14 துண்டுகள். கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தபோது யாரோ மின்விசிறியைப் போட, அத்தனையும் சோபாவுக்கு அடியில் போய்விட்டன. பொறுக்கி அடுக்கினால் ஏழாவது எது, எட்டாவது எது என்று எனக்கே தெரியவில்லை. எப்படி மாற்றி வைத்தாலும் கதை கதையாகவே இருந்தது. மாற்றி வைத்தாலும் ஒன்றும் கெடவில்லை என்றால், முதலிலேயே எதுவும் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை என்றுதானே அர்த்தம்.

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் சொன்ன விளக்கம் ஒன்று எழுதுகிறவர்கள் மத்தியில் பிரசித்தம். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது வெறும் கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் அதில் பின்னல் வந்துவிடுகிறது. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் அவன் அரசி கோப்பெருந்தேவியும் என்பது மட்டும் அன்றைக்கு, சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் 14 துண்டுகளுக்கு இடையில் ‘அதனால்’ போடக்கூடிய இடங்களை எண்ணினேன். மூன்று. மற்ற பத்திலும் ‘பிறகு’தான்.

மூன்றாவது வரைவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரைக்கதைப் புத்தகங்கள் சொல்லும் கால், அரை, கால் பங்கீட்டை வைத்து அளந்து எழுதினேன். சரியாக நடுவில் ஒரு திருப்பம் வந்து நின்றது. படித்துப் பார்த்தால் முறுக்கு விற்பவர் உள்ளே வருவார் போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஏப்ரலில் கிடைத்ததுதான் பெரிய உதவி. எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கதையை வாயால் சொன்னேன். பாதியிலேயே மறித்தார். “எடைக்கல்லுக்கு அரசு முத்திரை போடும்போது கல்லை எடை பார்ப்பார்களே, அன்றைக்கே மாட்டியிருப்பாரே சார்?” எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 10 வருடம் கதை எழுதுகிறவனுக்குத் தோன்றாதது ஒரு நிமிடத்தில் அவருக்குத் தோன்றிவிட்டது. நான் விழிப்பதைப் பார்த்து அவரே வழியும் சொன்னார். “இரண்டு கல் வைத்திருப்பார். ஒன்று முத்திரைக்கு, ஒன்று வியாபாரத்துக்கு.”

அந்த இரண்டாவது கல் கதையையே புரட்டிப் போட்டது. பழைய இரும்புக் கடையில், கடைக்காரரின் மின்னணுத் தராசு மீது சேகருக்குச் சந்தேகம். ‘சரியான எடை காட்டுகிறதா பார்ப்போம்’ என்று அப்பாவின் ஒரு கிலோ கல்லையே எடுத்து வைக்கிறான். 950 என்று காட்டுகிறது. ‘பார்த்தீர்களா, 50 கிராம் அடிக்கிறீர்கள்’ என்று சண்டைக்குப் போகிறான். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் சாக்கிலிருந்து இன்னொரு ஒரு கிலோ கல்லை எடுத்து வைக்கிறார். 1,000. அவ்வளவுதான், சேகர் பேச்சற்றுப் போகிறான். முதல் வரைவில் ‘தராசு விற்கப்பட்டிருந்தது’ என்று ஒரே வரியில் கடந்துபோன இடம் இது. கதை அங்கேதான் இருந்திருக்கிறது. நானோ சேவலுக்கு அரைப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தக் காட்சியை எங்கே வைப்பது? மே மாதம் முழுக்க முழித்தேன். அக்கா ஒரு வேலை கொடுத்தார். “சிலப்பதிகாரத்தில் கோவலன் எத்தனையாவது காதையில் சாகிறான் என்று எண்ணிப் பார்.”

மொத்தம் 30 காதைகள். புகார்க் காண்டத்தில் 10, மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7. கொலைக்களக் காதை 16-ஆவது. வழக்குரை காதை 20-ஆவது. இடையில் மூன்று கிடக்கின்றன. கொலை நடந்த கையோடு இளங்கோ பாண்டியன் அவைக்கு ஓடவில்லை. ஆயர் சேரிக்குப் போகிறார். குடத்துப் பால் உறையவில்லை, உறி வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கெடுதி என்று அஞ்சிய மாதரி குரவைக் கூத்துக்குச் சொல்கிறாள். கண்ணகி பார்த்திருக்க, ஆய்ச்சியர் கைகோத்து ஆடுகிறார்கள். பாட்டு இனிக்க இனிக்க நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கோவலன் இறந்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கல்லூரியில் இந்தக் காதையை ‘கதைக்கு இடையில் வரும் பாட்டு’ என்று தாண்டிப் போனதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். இவர்களுக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்னும் முற்பிறப்புக் கதையை மதுராபதித் தெய்வம் சொல்வது 23-ஆவது காதையில், ஊர் எரிந்த பிறகு. (நூலின் முகப்பில் வரும் பதிகத்திலேயே மொத்தக் கதையும் வந்துவிடுகிறதே என்பீர்கள். வரட்டுமே. முடிவு தெரிந்தும் குரவையில் மனம் பதைக்கிறது என்றுதான் சொல்கிறேன்.) நானோ மதுராபதியை இரண்டாம் பக்கத்திலேயே மேடையேற்றி, காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் பிறகு கதையை ஆரம்பித்திருந்தேன்.

நான்காவது வரைவு இப்படி வந்தது. கதை இரும்புக் கடையில் தொடங்குகிறது. 950, 1,000. அடுத்து, கறுப்புக் கண்ணாடியோடு அண்ணாமலை மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். செக்கானூரணி தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் தன் தராசின் பெருமையைப் பேசுகிறார், கைராசியான கல் என்கிறார். முன்பு எழுதியிருந்தால் இது வெறும் அரட்டை. இப்போது அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் குத்துகிறது. ஈயம் சுரண்டிய வருடம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது, நான்கே வரிகளில்.

ஜூலையில் வெட்டு வேலை. இதற்கு நன்னூலை எடுத்தேன். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். பத்தையும் சுவரில் ஒட்டினேன். என்னிடம் அதிகம் இருந்தவை இரண்டு. ஒன்று ‘மற்றொன்று விரித்தல்’. தேநீர்க்கடை அதில் போயிற்று. இன்னொன்று ‘சென்று தேய்ந்து இறுதல்’. என் முடிவுகள் எல்லாவற்றுக்கும் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. மூன்று பத்திச் சொற்பொழிவையும் எடுத்தேன். ‘கூறியது கூறல்’ தன் பங்குக்கு 300 சொற்களைத் தின்றது.

இப்போது 1,900 சொற்கள் நிற்கின்றன. முடிவில், அண்ணாமலை கடைக்குள் வந்து, தராசு தொங்கிய கொக்கியைப் பார்க்கிறார். சேகர் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருக்கிறான். புதுத் தராசு 1.000 என்று காட்டுகிறது. அப்பா சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மேலே போடுகிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

போன ஞாயிறு அக்கா படித்தார். ஒரே ஒரு பென்சில் கோடு, பஸ் காட்சியின் நடுவில். நடத்துநரிடம் சில்லறை கேட்கும் இடம். அது எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு கடைசிப் பக்கத்தைக் காட்டி, “அந்த ஒரு பிடிக்கு சேகர் காசு வாங்கினானா?” என்றார்.

தெரியவில்லை என்றேன்.

“தெரிந்துகொண்டு எழுது” என்று தாளை நீட்டினார். இந்த வாரம் அந்த வேலைதான், கூடவே நடத்துநரின் சில்லறையும்.