ரங்கூன் கோவில் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட கதை

ரங்கூனில் ஒருவரிடம் போய் “இந்த மென்பொருள் இலவசம்” என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. இங்கே எல்லாமே இலவசம்தானே! கம்ப்யூட்டர் வாங்கும்போதே கடைப் பையன் விண்டோஸ், ஆபீஸ், பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர், போட்டோஷாப் எல்லாவற்றையும் போட்டுத்தான் கொடுப்பான். உரிமம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் எங்கள் கோவில் கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடலாம் என்று கமிட்டியில் பேச்சு எடுத்தபோது விலையைப் பற்றியோ, யாரும் திறந்து திருத்தக்கூடிய அதன் மூலநிரலைப் பற்றியோ நான் வாயே திறக்கவில்லை. திருவிழாப் பத்திரிகையைப் பற்றி மட்டும் பேசினேன்.

எங்கள் பத்திரிகை தமிழிலும் பர்மியத்திலும் அச்சாகும். பின்பக்கத்தில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள், அவையும் இரண்டு எழுத்திலும். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் பலருக்குப் படிக்க வராது. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதோடு தமிழ்ப் பள்ளிகளும் போயின. அப்புறம் கோவிலில் நடக்கிற மாலை வகுப்பும் விடுமுறை வகுப்பும்தான் கதி. அந்த வகுப்பில்தான் நானும் சொல்லிக்கொடுக்கிறேன்.

பத்திரிகையின் தமிழ்ப் பகுதி பாமினி எழுத்துருவில் இருந்தது, பர்மியப் பகுதி ஸோஜியில். பாமினியில் அடித்த தமிழ் நம் கண்ணுக்குத்தான் தமிழ். ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அந்த ஐந்தும்தான் வரும். ஸோஜி வேறு மாதிரி. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு என்று இருந்த எண்களையும் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டது. 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று அரசு அறிவித்தது. போன்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டன, கோவில் கம்ப்யூட்டர் மாறவில்லை. பழைய பட்டியலை யாருக்காவது போனில் அனுப்பினால் தமிழும் குளறுபடி, பர்மியமும் குளறுபடி. போதாததற்கு அதில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அச்சகத்துக்குப் போய்வரும் பென்டிரைவ் ஒவ்வொரு முறையும் ஒரு வைரஸோடுதான் திரும்பும். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை எடுத்தேன். பழைய மெஷினுக்கு அது பாரம் இல்லை. பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே முதலில் ஓட்டிக் காட்டினேன். இந்த வசதியைத்தான் யாருக்கும் நான் முதலில் சொல்வேன். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் ஸ்பீக்கர், வைஃபை, பிரிண்டர் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்துவிடலாம். எங்கள் லேசர் பிரிண்டர் வேலை செய்யவில்லை. மற்றதெல்லாம் செய்தது.

கணக்குப் பார்க்கும் ஐயா கேட்டது ஒரே கேள்வி: “பேஜ்மேக்கர் எங்க தம்பி?”

இல்லை என்றேன். ஆனால் இலவச ஆபீஸ் தொகுப்பான லிப்ரே ஆபீஸ் 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், இது பலருக்குத் தெரியாது. அதிலுள்ள படம் வரையும் செயலியான டிராவில் திறக்கிறது. கட்டங்களும் இடைவெளிகளும் கலைந்துதான் வந்தன, எழுத்து பூராவும் வந்துவிட்டது. எங்களுக்குத் தேவை எழுத்துதான். ஐயா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சரி, போடு” என்றார்.

நிறுவும் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஃபைல்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, கரண்டுக்காகக் காத்திருந்தோம். இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வரும். தெருப் பிள்ளைகள் “மீ லா பீ!” என்று கத்தினால் வந்துவிட்டது என்று அர்த்தம். வந்ததும் ஆரம்பித்து, போவதற்குள் முடித்தோம்.

மொழியில்தான் சுவாரஸ்யம். மின்ட்டில் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி மொழி வைக்கலாம். ஐயாவுக்குத் தமிழ் வைத்தேன். கோப்பு, தொகு என்று மெனு வந்ததும் ஒரு தயக்கமும் இல்லாமல் படித்து வேலையைத் தொடங்கினார். அவர் ஆபீஸ்களில் கோப்பு தூக்கிய காலத்து மனிதர். வகுப்புப் பிள்ளைகளிடம் அதையே காட்டினால், “சயா, இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சயா என்றால் பர்மியத்தில் ஆசிரியர். அவர்களுக்கு ஃபைல் என்பது பர்மியர் சொல்வது போல ‘ஃபைங்’. தமிழில் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை. சரி என்று பிள்ளைகளின் கணக்கில் ஆங்கிலத்தையே விட்டேன். கலைச்சொல் தூய்மையாக இருக்கவேண்டும் என்று இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் ஒரு மாதம் எங்கள் வகுப்பில் பாடம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மெனு எந்த மொழியில் இருந்தாலும் இரண்டு எழுத்திலும் அடிக்க முடிந்தது. எழுத்து அடிக்க உதவும் ஐபஸ் மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை, ஐயாவின் விரல்கள் பழகிய பழைய தட்டச்சு முறை எல்லாம் இருக்கின்றன. தமிழுக்கு நோட்டோ எழுத்துரு, பர்மியத்துக்குப் பதௌக். இரண்டும் திறந்த உரிமத்தில் வருகிறவை.

பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியதுதான் உண்மையான வேலை. ‘கெ’ என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போட்டுவிட்டு ககரத்தை எழுதுகிறோம். பாமினியும் அந்த வரிசையிலேயே சேமிக்கும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு அடுத்து. திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் வரும். பர்மியத்திலும் இதே போல ஒரு கொம்பு உண்டு, ‘தவேதோ’ என்பார்கள். ஸோஜியில் அது எழுத்துக்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால். பர்மியப் பகுதியை மாற்றி முடித்தபோதே இந்தச் சூட்சுமம் பிடிபட்டிருந்ததால் தமிழ் சுலபமாக முடிந்துவிடும் என்று தோன்றியது.

பைத்தான் நிரல்மொழியில் எழுதிய திறமூல மாற்றிகள் சில கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து ஓட்டினேன். நொடியில் முடிந்தது. ஐயா பட்டியலைப் படிக்க ஆரம்பித்து, வெள்ளைச்சாமியில் நின்றார். “என்னப்பா இது, பேரு முறிஞ்சு கிடக்கு?” திரையில் ‘வௌ்ளைச்சாமி’ என்று இருந்தது. வெள்ளையம்மாள், தெளிவன் எல்லாருக்கும் அதே கதி. காரணம் எளிது. ஔகாரக் குறியின் வலப்பக்கப் பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே, பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை. கௌரியைச் சரியாக மாற்றவேண்டும் என்று எழுதிய விதி, வெள்ளைச்சாமியையும் ஔகாரமாக எடுத்துக்கொண்டது. அந்த விதியை எடுத்துவிட்டால் வெள்ளைச்சாமி பிழைப்பார், கௌரி ‘கெளரி’ ஆகிவிடுவாள். பார்க்க வித்தியாசம் தெரியாது, தேடினால்தான் கிடைக்கமாட்டாள்.

எந்தக் குறியை எந்த எழுத்தாக மாற்றுவது என்று சொல்லும் மாற்றியின் அட்டவணை சாதாரண உரை ஃபைல்தான். ஐயாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்து காட்டினேன். “நாமளே திருத்தலாமா?” என்று கேட்டார். திருத்தலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ தமிழில் வராது. அப்படி வந்த இடத்தில் எல்லாம் கொம்பும் ளகரமுமாகப் பிரித்துவிடு என்று கூடுதலாக ஒரு விதி போட்டோம். வெள்ளைச்சாமியும் சரியானார், கௌரியும் சரியானாள். எங்கள் கோவிலில் திறமூலம் என்றால் என்ன என்று ஒருவருக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். இப்போது அதைப் பற்றிக் கேட்பவர்களிடம் ஐயா, “பேரு தப்பா வந்தா உள்ள போயி திருத்திக்கலாம்” என்று சொல்கிறார். என்னுடைய எந்த விளக்கத்தையும்விட இது மேல்.

அச்சகத்தில் ஒரு சிக்கல் வந்தது. அவர்களிடமும் பேஜ்மேக்கர்தான். அதற்கு யூனிகோடு தெரியாது. பக்கத்தை லிப்ரே ஆபீஸிலேயே முழுதாக அமைத்து, எழுத்துருவை உள்ளே பதித்து பிடிஎஃப் ஆகக் கொடுத்தோம். “ஃபாண்ட் குடுங்க” என்று கேட்டார்கள். உள்ளேயே இருக்கிறது என்றதும் நம்பாமல் ஒரு தாள் அடித்துப் பார்த்தார்கள். எழுத்து ஒன்றும் கலையவில்லை. அப்படியே அச்சுக்குப் போனது.

பிரிண்டர் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. அந்த மாடலுக்குக் கிடைத்த லினக்ஸ் டிரைவர் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. ரசீது அடிக்க இப்போதைக்கு ஐயா வீட்டு லேப்டாப்பைத்தான் எடுத்து வருகிறார், விண்டோஸோடு.