மேலேன்னா யாரு?

ஜனவரி 26 கிராம சபையில் அந்த அப்பத்தா என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துத்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

"கிளார்க்கு, கூலி எப்பப்பா ஏறும்?"

"வந்துரும் அப்பத்தா."

"யாரு போடணும்?"

"மேலேயிருந்து வரணும்."

"மேலேன்னா யாரு?"

மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "அரசாங்கம்தான் அப்பத்தா" என்றேன். அவர் ஒரு நிமிடம் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் குடிநீர்த் தொட்டி விஷயத்துக்குப் போய்விட்டோம்.

கார்த்திகை பாதியிலிருந்து யாருக்கும் நூறு நாள் வேலைக் கூலி ஏறவில்லை. பொங்கலும் அப்படியே போனது. அந்த 2025 பொங்கலுக்கு ரேஷனில் அரிசி, சர்க்கரை, கரும்பு கொடுத்தார்கள், ரொக்கம் இல்லை. ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், வார்டு உறுப்பினர்கள் பதவிக்காலமும் முடிந்திருந்தது. அவர்கள் இடத்தில் வந்த தனி அலுவலருக்கு எங்கள் ஊரைப் போல இன்னும் எத்தனையோ ஊர். கூட்டத்தைப் பார்வையிடப் பற்றாளராக வந்தவருக்கு எங்கள் ஊர் புதிது. ஜனங்களுக்கு முகம் தெரிந்த ஆளாக அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.

பதில் எனக்குத் தெரியும். அதுதான் உறுத்துகிறது. தெரியாமல் சொல்லியிருந்தால் இத்தனை மாதம் கழித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் யூனியன் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு, எங்கள் ஊர்ப் பட்டியலை வாரம் வாரமாகப் பார்த்தேன். என்.எம்.ஆர். என்கிற வருகைப் பட்டியலை முடித்த தேதி, ஓவர்சியர் அளந்த தேதி, எஃப்.டி.ஓ. என்கிற பணம் அனுப்பும் உத்தரவு போட்ட தேதி, மாநிலத்தில் விழவேண்டிய கையெழுத்துகள், எல்லாம் இருந்தன. அதற்கு அடுத்த கட்டம் மட்டும் காலி. அப்போது நூறு நாள் வேலையில் கூலி முழுக்க டெல்லி தரவேண்டியதாக இருந்தது. பொருள் வாங்கும் செலவில்தான் டெல்லிக்கு 75 சதவீதம், மாநிலத்துக்கு 25 என்று பங்கு இருந்தது. ஆக, "மேலேன்னா யாரு" என்பதற்கு அன்றைய தேதியில் ஒரே சொல்லில் பதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. கடைசி வரிசையில் இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் அப்போது சென்னையில் ஆண்ட கட்சி, மற்றவர் டெல்லியில் ஆண்ட கட்சி. முறைக்கு மாமன் மச்சான். அந்த மாதம் முழுக்க டீக்கடையில் இவர்கள் பேச்சுதான். "1,056 கோடி கூலி பாக்கின்னு முதலமைச்சரே பிரதமருக்கு லெட்டர் போட்டிருக்காரு" என்பார் ஒருவர். "குடுத்த காசுக்கு முதல்ல கணக்கச் சொல்லுங்க" என்பார் மற்றவர். நான் "டெல்லி" என்று சொல்லியிருந்தால், சாயங்காலத்துக்குள் "பஞ்சாயத்து கிளார்க்கே சொல்லிட்டாரு" என்று என் முகத்தோடு ஒரு வீடியோ சுற்றியிருக்கும். நடத்தை விதி என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ நான் பேசக்கூடாது. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அதில் தப்பு இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அப்பத்தா கட்சி கேட்கவில்லையே. தன் காசு யார் மேசையில் நிற்கிறது என்றுதானே கேட்டார்?

அன்றைக்கு எழுதிய தீர்மானத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். "நிலுவையிலுள்ள ஊதியம் விரைந்து வழங்கப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது." யாரால் வழங்கப்பட வேண்டும்? எழுவாய் இல்லை. எழுதும்போது பேனா அந்த இடத்தில் நின்றது நினைவிருக்கிறது. "மத்திய அரசு" என்று எழுதினால் ஒரு கட்சியின் சொல், "ஒன்றிய அரசு" என்று எழுதினால் இன்னொரு கட்சியின் சொல். போதாததற்கு, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒன்றியம் என்றால் யூனியன் ஆபீஸ். படித்துக் காட்டினால் பி.டி.ஓ.தான் பணத்தை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பார்கள். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு "வழங்கப்பட வேண்டும்" என்று முடித்தேன். இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம்.

எங்கள் பக்கத்தில் பேர் எழுதாத தர்மம் குறைவு. கோயிலில் ஒரு டியூப்லைட் மாட்டினாலும் அதன்மேல் "உபயம்" என்று இன்னார் பெயர் இருக்கும். அந்தப் பெண்கள் அந்த வாரங்களில் கருவேலம் வெட்டிச் சுத்தம் செய்த ஊருணியின் படித்துறையிலும், அதை வெட்டிவைத்த செட்டியார் குடும்பத்தின் பெயர் கல்லில் இருக்கிறது. பக்கத்திலேயே எங்கள் பணி விவரப் பலகை: திட்டத்தின் பெயர், மதிப்பீடு, எத்தனை மனித நாள். கொடுத்ததற்கெல்லாம் பேர் எழுதியிருக்கிறது. வராமல் நிற்கிற காசுக்குத்தான் பேர் எழுத இடமில்லை.

யார் செய்தது என்ற சண்டை இந்தத் திட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல். 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி இது தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் சுற்றில் வந்த ஆறு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. அப்போது டெல்லியில் காங்கிரஸ் கூட்டணி. நிதியமைச்சர் கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம், எங்கள் தொகுதி எம்.பி.யும் அவரே. சென்னையில் ஜெயலலிதா முதல்வர். மூன்று மாதத்தில் தி.மு.க. வந்துவிட்டது. கூலி 80 ரூபாய். ஆகவே மூன்று கட்சிக்காரர்களும் நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று சொல்லலாம், சொல்கிறார்கள். 2015இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் இதைக் காங்கிரஸின் தோல்விக்கு நினைவுச் சின்னம் என்றார். 2020-21 கொரோனா வருஷத்தில் அவருடைய அரசே இதற்கு 1.11 லட்சம் கோடி செலவழித்தது. அந்த வருஷம் இது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பல வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. 2021இல் சாதிப் பிரிவுவாரியாகக் கூலியைப் பிரித்து அனுப்பியதும் அவர்கள்தான். ஒரே வரத்துக்காலில் ஒரே வாரம் வெட்டியவர்களில் ஒரு தெருவுக்கு ஏறி, இன்னொரு தெருவுக்கு ஏறாமல், என் ஆபீஸ் வாசலில் பெண்கள் மல்லுக்கு நின்றார்கள். சில மாதத்தில் அதை மாற்றினார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டுமே 150 நாள் வேலை என்று வாக்குறுதி கொடுத்தன. நூறுக்கு மேற்பட்ட நாளுக்கு மாநிலம் தன் பணத்தைப் போட்டுக் கொடுக்கச் சட்டத்தில் தடை இருக்கவில்லை. அந்தத் தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஊர் அட்டை எதிலும் நூற்றோராவது நாளை நான் பதிந்ததில்லை.

இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஆனால் "டெல்லி" என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதி உண்மைதானே என்றும் தோன்றுகிறது. தையும் மாசியும் எந்த ஆட்சியிலும் எங்களுக்கு வறட்சிதான். பட்ஜெட்டில் ஒதுக்கியது மார்ச்சுக்கு முன்பே தீர்ந்துபோகும். பாக்கி அடுத்த வருஷக் கணக்கின் தலையில் போய் உட்காரும். 2024-25க்கு 86,000 கோடி, 2025-26க்கும் அதே 86,000 கோடி. பழைய பாக்கியைக் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் புது வருஷத்துக்கு. 2025 மார்ச்சில் மக்களவையில் 4,034 கோடி பாக்கி என்று தி.மு.க. கேட்டபோது, 7 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டுக்கு 10,000 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறோம், 20 கோடிப் பேர் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று இணையமைச்சர் பதில் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இது மாநிலத்துக்கு ஆள் கணக்கில் பங்கு வைக்கிற பணம் இல்லை. வேலை கேட்டவருக்கு வேலை, செய்தவருக்குக் கூலி, அதுவும் 15 நாளில் என்று சட்டம் சொல்கிற பணம். உத்தரப் பிரதேசத்தில் குறைவாக வேலை கொடுத்தார்கள் என்பதற்காக, இங்கே வெட்டிய மண் வெட்டாததாகிவிடுமா? பார்த்தீர்களா, இதை எழுதும்போது நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். கூட்டத்தில் வாயைத் திறந்திருந்தால் இப்படித்தான் ஆகியிருக்கும். அதனால் வாய் திறக்காததே சரி என்று ஒரு மனம் சொல்கிறது.

இன்னொரு மனம் வேறொன்றை எடுத்துப் போடுகிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சில வருஷம் முன்னால், இரண்டு ஊராட்சியை நானே பார்த்துக்கொண்டிருந்த சமயம், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். ஒரு வாரத்து என்.எம்.ஆரை முடித்து யூனியன் ஆபீஸில் கொடுக்க எனக்குப் பதினோரு நாள் தாமதமாகிவிட்டது. ஐம்பத்து மூன்று பேர் கூலி. அவர்கள் வந்து கேட்டபோது, "மேலேயிருந்து வரல" என்றேன். அன்றைக்கு மேலே என்றால் என் பைதான், அதற்குள்தான் அந்தக் காகிதம் மடங்கிக் கிடந்தது. யாரும் சந்தேகப்படவில்லை, மேலே என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. அந்த ஐம்பத்து மூன்று பேரில் அப்பத்தாவும் இருந்தார். "மேலேன்னா யாரு?" என்று அவர் கேட்டபோது என் கை காகிதத்தைத் தேடிப் போனதற்கு செல்போன் மட்டும் காரணமா, இதுவுமா என்று எனக்கே தெரியவில்லை.

மே 1 கிராம சபையில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். கட்சி பேரும் சொல்லவில்லை, ஆட்சி பேரும் சொல்லவில்லை. ஒரு தாளில் தேதிகளை மட்டும் எழுதி வைத்துப் படித்தேன். இந்த வாரத்து வேலை இந்தத் தேதியில் முடிந்தது, நான் இந்தத் தேதியில் கொடுத்தேன், யூனியனில் இந்தத் தேதி, மாநிலக் கையெழுத்து இந்தத் தேதி, அதற்குப் பிறகு டெல்லியில் இத்தனை நாள். ஒரு வாரத்தில் என் பக்கம் மூன்று நாள் கூடியிருந்தது, அதையும் படித்தேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. மாமனும் மச்சானும் வந்து ஆளுக்கொரு போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் பார்த்தால், ஒருவர் டெல்லி வரிகளை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார், இன்னொருவர் என் மூன்று நாளை மட்டும் வெட்டி, "தாமதம் இங்கேதான்" என்று போட்டிருக்கிறார். யூனியன் ஆபீஸிலிருந்து போன் வந்தது. கேட்டது நல்ல விதமாகத்தான், இருந்தாலும் இரண்டு நாள் தூக்கம் இல்லை.

அப்பத்தா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. மகள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து என்று தேவகோட்டை போயிருந்தார்.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்பதை அந்தக் கூட்டத்திலும் நான் சொல்லவில்லை. பதினாறாவது நாளிலிருந்து நாளொன்றுக்குக் கூலியில் 0.05 சதவீதம். ஆனால் கம்ப்யூட்டர் எண்ணுகிற தாமதம் மாநிலத்தில் கையெழுத்தாகும் வரைதான், டெல்லியில் கிடக்கும் நாள் அதில் ஏறாது. முழுத் தாமதத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் எங்கள் திரையில் அந்தக் கட்டம் பூஜ்யம்தான். அப்பத்தாவுக்கு மட்டும் ஒருநாள் கணக்குப் போட்டேன். முப்பது நாள் வேலை, அளவுக்குத் தக்கபடி சுமார் 300 வீதம் 9,000. ஒரு நாள் தாமதத்துக்கு நாலரை ரூபாய். குத்துமதிப்பாக நூறு நாள் தாமதம், 450 ரூபாய். தாளை மடித்துத் தீர்மானப் புத்தகத்துக்குள் வைத்தேன். சொன்னால் போய்க் கேட்பார், கிடைக்காது, அலைவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரை கடைசியில் அப்பத்தா மஞ்சப்பையோடு ஆபீஸுக்கு வந்தார். பாஸ்புக்கை நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். நான் தொகை சொல்லச் சொல்ல உதட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் சரியாக மொத்தத்தைச் சொன்னார். பாஸ்புக்கைப் பைக்குள் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி இடுக்கிக்கொண்டார். தீர்மானப் புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"ஒருவழியா மேலேயிருந்து வந்திருச்சுப்பா" என்றார்.

"ஆமா அப்பத்தா" என்றேன்.