ஒரு அறைத் தங்கமும் மலை மலையாய் மண்ணும்

காலை ரயிலில் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. எதிர்த்திசையில், பெங்களூரை நோக்கிப் போன வண்டிகளில்தான் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். பங்காரப்பேட்டையில் பிரியும் கிளைப் பாதையில் ஸ்டேஷன் பெயர்களே சுரங்க வாசனையோடு வருகின்றன: கோரமண்டல், உரிகம், சாம்பியன். கடைசியில் மாரிக்குப்பம். இதுதான் கோலார் தங்கவயல்.

3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் வாயையாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தேன். வேலியும் பூட்டும்தான் பார்க்கக் கிடைத்தன. 2001 பிப்ரவரி 28-ல் மூடிய சுரங்கம் எனக்காகத் திறக்குமா என்ன?

சரி, மண்ணையாவது பார்ப்போம் என்று திரும்பினேன். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், ஊருக்கு நடுவே சாம்பல் நிறத்தில், உச்சி தட்டையாக, குன்று குன்றாக நிற்கிறது. ஊரில் இதற்கு சயனைடு மேடு என்று பெயர். பக்கவாட்டில் மழைநீர் அரித்த கோடுகள், கிழவியின் கன்னச் சுருக்கம் போல. அடியில் சரிந்து கிடந்ததைத் தொட்டுப் பார்த்தேன். மணல் போல நறநறக்கவில்லை, முகப்பவுடர் மாதிரி விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“கையைக் கழுவிக்கோப்பா” என்று பின்னால் ஒரு குரல். மேட்டுக்கு எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர். இருபது வருஷத்துக்கு மேல் சாம்பியனில் இறங்கியவராம். செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

கல் எப்படி இவ்வளவு மாவானது என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். ஸ்டாம்ப் மில் என்பது ராட்சத உரலும் உலக்கையும்தான். இரும்பு உலக்கைகள் வரிசையாக எழும்பி விழும், தண்ணீரோடு கல் கூழாகும். அந்தக் கூழைப் பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும், காய்ச்சினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் தங்கும். ஆனால் பொடித் தங்கம் நழுவிக் கழிவோடு போய்விடும். அதைப் பிடிக்க வந்ததுதான் சயனைடு. 1887-ல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற முறை. நீர்த்த சயனைடு கரைசலில் காற்றும் சேர்ந்தால் தங்கம் கரைந்துவிடுகிறது. விஷவாயு கிளம்பாமல் இருக்கச் சுண்ணாம்பு போடுவார்கள். பிறகு துத்தநாகத்தைச் சேர்த்தால் துத்தநாகம் கரைசலுக்குள் போய், தங்கம் கறுப்புச் சேறாக வெளியே வரும். வெண்காரத்தோடு உருக்கும்போதுதான் மஞ்சளே கண்ணில் படும்.

“நான் தோண்டுன தங்கத்த நான் பாத்ததே இல்ல. வெள்ளைக் கல்லுதான் பாத்தேன்” என்றார் பெரியவர்.

“கீழே சூடு எப்படி ஐயா?”

“பாறைய தொட முடியாது.”

அடியாழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரிக்கு மேல். அதனால் மேலேயே ஆலை வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பினார்கள். ஆட்களை இறக்கும் லிஃப்ட் கூண்டு ஒன்றிலேயே அடிவரை போகவும் முடியாது. ஒன்றில் இறங்கி, நடந்து, இன்னொன்றில் ஏறி இறங்க வேண்டும். இதற்கெல்லாம் மின்சாரம் காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்திலிருந்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-லேயே வந்துவிட்டது. பெங்களூருக்கு 1905-ல்தான் விளக்கு எரிந்தது!

அவர் பேச்சு தணிந்தது ஒரே ஒரு சொல்லில்தான்: ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதற்கு இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். தோண்டிய வெற்றிடத்தில் கருங்கல் சுவர் கட்டி முட்டுக் கொடுத்தும் வெடித்தது. “மேல வீட்டுல பாத்திரம் உருளும். பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்டுக்கு ஓடுவாங்க” என்றவர், அதற்கு மேல் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே ஆழத்தை இயற்பியலாளர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள் வளிமண்டல நியூட்ரினோ. 1965-ல் அதன் தடயம் இங்கே பிடிபட்டது. பெரியவருக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

திண்ணையில் உட்கார்ந்தபடி செல்போனில் ஒரு கணக்குப் போட்டேன். நூற்றிருபது வருஷத்தில் இங்கே எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்கிறார்கள். ஒரு கன மீட்டர் தங்கம் 19 டன்னுக்கு மேல் எடை. ஆக மொத்தத் தங்கத்தையும் ஒரே கட்டியாக உருக்கினால், பக்கத்துக்கு மூன்றரை மீட்டர். அவருடைய முன்னறை அளவுதான் வரும். வெளியே நிற்கும் மண்ணோ 3 கோடி டன்னுக்கு மேல். சொன்னேன். அவர் திரும்பி அறையை ஒருமுறை பார்த்தார். “கட்டில எடுத்துட்டா கொள்ளும்” என்றார்.

சாயங்காலம் மாரிக்குப்பத்தில் திரும்பும் வண்டியில் ஏறினேன். சாம்பியன் ஸ்டேஷனில் எதிரே ஒரு வண்டி வந்து நின்றது. தோளில் பையும் கையில் டிஃபன் டப்பாவுமாக, பெங்களூரில் வேலை முடித்தவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.